தம்ளருக்குள் ஒரு கோடு

எம்.ஏ. படித்தபோது எங்களுக்கு ஒரு தாள் இருந்தது. கடல் தாண்டிய நாடுகளின் பூர்வகுடி மக்கள் எழுதிய நாவல்கள். எந்த நாவலைத் திறந்தாலும் அதில் யாராவது குடித்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா குடித்தார், அப்பா குடித்தார், மகன் குடித்துவிட்டு வண்டியைக் கொண்டுபோய் மரத்தில் மோதினான். திருவனந்தபுரத்து மதிய வெயிலில், சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் மின்விசிறிக்குக் கீழே நின்று எங்கள் பேராசிரியர் அதை விளக்கினார். இந்தக் கதைகளில் மது வெறும் மது அல்ல, அது ஒரு குறியீடு. நிலத்தைப் பறிகொடுத்த முன்னோர்கள் விழுங்கிய வலியைத்தான் பேரப்பிள்ளைகள் குடிக்கிறார்கள் என்றார். வகுப்பு முழுக்கக் குனிந்து எழுதியது. நானும் எழுதினேன்.

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்மில் யாரும் இப்படி ஒரு வாழ்க்கையைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க மாட்டோம்" என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் நல்ல மனிதர். ஆண்டுதோறும் குடும்பத்தோடு பொன்முடிக்குப் போய்ப் பனிமூட்டம் பார்த்துவிட்டு வருபவர். அவர்கள் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் கொண்டை ஊசி வளைவுக்குக் கீழேதான் எங்கள் லயம். அங்கிருந்து பார்த்தால் எங்கள் தகரக் கூரை பச்சைக்கு நடுவில் அழகாகத் தெரியும் என்று சொல்வார்கள். நான் அங்கிருந்து பார்த்ததில்லை.

எழுந்து நின்று, சார், நான் பார்த்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவர் சந்தோஷப்படுவார் என்று தெரிந்ததால்தான் வரவில்லை.

லயம் என்றால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு குடும்பம். ஒரு வீட்டில் அடி விழுந்தால் பக்கத்து வீட்டுப் பாத்திரம் அதிரும். எங்கள் கொள்ளுத்தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிவந்த கூட்டத்தில் ஒருவராக மலையேறியவர். அங்கே குளிரும் அட்டையும் எப்படி இருக்கும் என்று கங்காணி சொல்லவில்லை. மழையில் செடிகளைக் கவாத்து வெட்டும் நாட்களில் ஆட்கள் நடுங்கிப்போய்க் கத்தியைக் கீழே போட்டுவிட்டார்கள். அதற்கு வெள்ளைக்காரத் துரை ஒரு வழி கண்டுபிடித்தார். மாலையில் தோட்டத்து ஸ்டோரில் ஆளுக்கு ஓர் அளவு சாராயம். அவரவர் தம்ளரை அவரவர் கொண்டுபோக வேண்டும். ஸ்டோர்க்காரர் தம்ளருக்குள் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருப்பார். அந்தக் கோடு வரைக்கும் ஊற்றுவார். அரிசி குறைந்த மாதங்கள் உண்டு, அது குறைந்ததே இல்லை என்று எங்கள் ஆட்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைப்பட எங்களுக்கு வேறு என்ன இருந்தது?

துரை போனார், வேறு முதலாளிகள் வந்தார்கள், ஸ்டோரில் ஊற்றுவதும் நின்றது. அதற்குள் அவர்கள் ஊற்ற வேண்டிய அவசியமும் தீர்ந்திருந்தது. எங்கள் ஆட்கள் தாங்களாகவே இறங்கிப் போய்க் குடித்துவிட்டு ஏறி வரப் பழகியிருந்தார்கள். பிறகு சாராயக் கடைகளை அரசு மூடியது. ஓடைப் பக்கம் திருட்டுத்தனமாகக் காய்ச்சினார்கள். அதற்கும் பிறகு நகரத்துக் கடையிலிருந்து பாட்டில்கள் மடியில் ஏறி வந்தன. இத்தனை மாறியும் எங்கள் வீட்டு அலமாரியில் அந்தப் பித்தளைத் தம்ளர் மட்டும் அப்படியே இருந்தது. நிலம் கிடையாது, ஊரில் வீடு கிடையாது, கொள்ளுத்தாத்தா விட்டுப்போனது ஒரு தம்ளரும் அதற்குள் ஒரு கோடும்தான்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. குடும்பத் தலைவன் செத்தால், பதினாறாம் நாள் படையலில் சோறு, கறிக்குழம்பு, சுருட்டு எல்லாவற்றோடும் இந்தத் தம்ளரையும் வைப்பார்கள். மூத்த மகன்தான் கோடு வரைக்கும் ஊற்ற வேண்டும். படத்துக்குக் காட்டிவிட்டு, ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கீழே வைக்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் இலையில் கை வைப்பார்கள். செத்தவனின் தாகம் மகன் தொண்டை வழியாகத்தான் அடங்கும் என்பது நம்பிக்கை.

அப்பா முதன்முதலாகக் குடித்தது அவருடைய அப்பாவின் படையலில். அம்மா அதைச் சொல்லாத வாரம் இல்லை. "அன்னைக்குத் தொட்டதுதான் மோளே. அதுக்கு முன்ன அந்த மனுசன் கட்டஞ்சாயா தவிர ஒண்ணும் குடிச்சதில்ல. எல்லாருமா சேர்ந்து வாயில ஊத்திவிட்டானுவ."

குடிக்காத வேளையில் அப்பா அருமையான ஆள். கவாத்து வெட்டுவதில் தோட்டத்திலேயே அவருக்கு நிகர் இல்லை. அம்மாவைச் சீண்டிக்கொண்டே இருப்பார். அம்மா வைக்கிற குழம்பைக் குடித்தால் அட்டை தானாக உதிர்ந்துவிடும் என்பார். அம்மா கரண்டியை ஓங்குவாள். எனக்கும் அண்ணனுக்கும் சிரிப்பு தாங்காது. அதெல்லாம் பகல் வெளிச்சம் இருக்கும்வரை.

குடித்துவிட்டு வந்தால் முதலில் சட்டையைக் கழற்றுவார். அதை மடிப்பார். இரண்டு கைகளையும் உள்ளே மடக்கி, காலர் நிமிர்ந்து நிற்கும்படி, கடையில் துணி மடிப்பவரைப் போல நிதானமாக மடித்துப் பெட்டி மேல் வைப்பார். வெளியே போட அவரிடம் நல்ல சட்டை ஒன்றுதான் இருந்தது, அது கிழிந்துவிடக் கூடாது அல்லவா? அந்தச் சட்டை பெட்டி மேல் உட்காருவதற்குள் நாங்கள் மூன்று பேரும் சுவரோரம் நகர்ந்திருப்போம். அதன் பிறகு அம்மாவை அடிப்பார். தடுக்கப் போனால் அண்ணனையும். மறுநாள் காலையில் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு கசங்காமல் வேலைக்குப் போவார். நான் அவரை வெறுத்தேன். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் தயக்கம் இல்லை.

அண்ணன் குடிக்கவே மாட்டேன் என்று அம்மாவின் கையில் அடித்துச் சொன்னான். சொன்னபடி இருக்கவும் செய்தான். மலையிறங்கிக் கழக்கூட்டத்தில் சாப்ட்வேர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வண்டி ஓட்டினான். கூட ஓட்டுபவர்கள் சம்பளத்தன்று கூட்டமாகப் போவார்கள், இவன் வண்டியைக் கழுவிக்கொண்டிருப்பான். திருவனந்தபுரத்தில் ஜனங்கள் முட்டாமல் மோதாமல் ஒழுங்காக வரிசையில் நிற்கும் இடம் மதுக்கடை ஒன்றுதான். அந்த வரிசையைக் கடக்கும்போது அண்ணன் சாலையின் மறுபக்கம் போய்விடுவான். அம்மாவுக்கு அதில் அப்படி ஒரு கர்வம். கொழுந்து பறிக்கும்போது பக்கத்து நிரைக்காரிகளிடம், "எம் மவன் வாசனை அடிச்சாலே வாந்தி எடுப்பான், கேட்டியா" என்று தினமும் ஒருமுறையாவது சொல்வாள்.

அப்பா ஈரல் கெட்டுச் செத்தார். அடக்கம் முடிந்ததுமே நான் யோசித்தது பதினாறாம் நாளைத்தான். அந்தத் தம்ளர் அண்ணன் கைக்கு வரப் போகிறது. கோடு வரைக்கும் ஊற்றிக் குடித்தால் அவனும் அப்பாவாகிவிடுவான் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. எம்.ஏ. படிக்கிற பெண்ணுக்கு இப்படி ஒரு மூடநம்பிக்கையா என்று கேட்கலாம். என் பேராசிரியரும் வகுப்பில் கிட்டத்தட்ட இதே நம்பிக்கையைத்தான் சொன்னார், அவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

படையலை நடத்தியது சித்தப்பா, அப்பாவின் தம்பி. பாட்டிலை அவர்தான் நகரத்திலிருந்து வாங்கிவந்தார். சரக்கு நல்லதா என்று பார்க்க வேண்டாமா, அதனால் பஸ்ஸிலேயே மூடியைத் திறந்து கொஞ்சம் சரிபார்த்தும் இருந்தார். அது எனக்கு வசதியாகப் போயிற்று. அவர் குளிக்கப் போன நேரத்தில் பிராந்தியைப் பின்பக்க ஓடையில் கொட்டினேன். பாட்டிலில் கட்டஞ்சாயாவை, பால் சேர்க்காத வெறும் தேநீரை, ஆற வைத்து ஊற்றி மூடினேன். நிறம் அச்சு அசல். எங்கள் வீட்டில் தேயிலைக்கா பஞ்சம்? அண்ணனிடம் காதோடு சொன்னபோது அவன், "மாட்டிக்கிட்டா நான் இல்ல, நீதான்" என்றான். அப்பா செத்த பிறகு அவன் அன்றைக்குத்தான் முதலில் சிரித்தான்.

படத்துக்கு முன்னால் இலை போட்டார்கள். லயமே வாசலில் நின்றது. அண்ணன் ஈர வேட்டியோடு உட்கார்ந்து, தம்ளரில் கோடு வரைக்கும் ஊற்றினான். படத்துக்குக் காட்டினான். வாய்க்குக் கொண்டுபோகும்போது பக்கத்தில் இருந்த அம்மாவின் மூக்கு சுருங்கியது. சாராய வாசனையை ஆயுசு முழுக்க முகத்துக்கு நேரே வாங்கியவள். அவளை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

"இது தேயிலையில்ல?" என்றாள்.

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் பார்வையைத் தாழ்த்தினேன். அது போதுமாக இருந்தது.

"ஏட்டி, இந்த எழவுக்குத்தான அந்த மனுசன் செத்தான்! அவன் அப்பன் செத்தது இதுக்கு, அவன் பாட்டன் செத்தது இதுக்கு. நான் முதுகொடிஞ்சு கிடக்கது இதுக்கு. செத்தவன் இலையிலயும் கொண்டாந்து இதத்தான் வைப்பியா? விசத்த வையி, மூத்திரத்த வையி, தேயிலய வைக்காத!"

தம்ளரைப் பிடுங்கி வாசலில் வீசினாள். அது படியில் உருண்டு போய் நின்றது. நான் அழுதேன். எங்கள் குடும்பத்தைப் பிடித்த பீடை குடி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அம்மாவுக்குக் குடியின் மேல் இருந்ததைவிட ஆயிரம் மடங்கு வெறுப்பு அந்தச் செடியின் மேல் இருந்தது எனக்குத் தெரியாது. கூடவே வாழ்ந்தும் தெரியவில்லை.

சித்தப்பா தம்ளரை எடுத்துக் கழுவினார். மடியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். ஒன்று வாங்கும் இடத்தில் இரண்டு வாங்குகிற கை அது. கோடு வரைக்கும் தானே ஊற்றி அண்ணனிடம் நீட்டினார். "குடிடா. ஒரு தடவதான். மூத்தவன் குடிக்காம எங்கண்ணன் தாகத்தோட அலையணுமா? லயத்துல நமக்கொரு மரியாத வேண்டாமா?" வாசலில் நின்றவர்களும், ஆமாம், குடி, குடி என்றார்கள். அண்ணன் அம்மாவைப் பார்த்தான். கையை நீட்டவும் செய்தான்.

அவன் தொடுவதற்குள் அம்மா வாங்கிக்கொண்டாள். "அந்த ஆளு தாகத்த இத்தன வருசமா தாங்கினவ நான். அடக்குறதும் நானே அடக்குறேன்" என்றாள். ஒரே மூச்சில் குடித்தாள். இருமல் வந்தது, கண்ணில் நீர் கொட்டியது, மூக்கு வழியாகவும் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "ஆச்சு. இனி எம் மவன்கிட்ட எவனும் இத நீட்டக் கூடாது."

ஒரு பொம்பளை படையல் சாராயத்தைக் குடித்தாள் என்று லயம் பல மாதம் பேசியது. சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். அம்மா சட்டை செய்யவில்லை. நானோ பஸ்ஸில் மலையிறங்கும்போது வெற்றி பெற்றவளைப் போல உட்கார்ந்திருந்தேன். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து கைமாறி வந்த ஒன்று என் அம்மாவின் தொண்டையோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த ஆண்டு கருத்தரங்குக் கட்டுரையில் அதை எழுதினேன், யாருடைய அம்மா என்று சொல்லாமல். பேராசிரியர் எழுந்து நின்று கைதட்டினார். எவ்வளவு வலிமையான குறியீடு என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் எரிகிறது.

படிப்பு முடித்து நான் கரமனையில் ஒரு டுட்டோரியலில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். அண்ணன் களியக்காவிளைப் பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கட்டினான். பெண் பார்க்கப் போன இடத்தில் அம்மா வேறு எதையும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு நிலம் உண்டா, வீடு உண்டா என்று அவர்கள் கேட்டதற்கெல்லாம், "எம் மவன் குடிக்க மாட்டான்" என்ற ஒரே பதில்தான். அவர்களுக்கும் அது போதுமாக இருந்தது. எந்த வீட்டுக்குத்தான் போதாது?

மைனி, அதாவது என் அண்ணன் மனைவி, அதிகம் பேச மாட்டாள். நான் போகும்போதெல்லாம் புட்டு அவித்துத் தருவாள். கழக்கூட்டத்தில் ஹைவேயை ஒட்டி ஒரு வாடகை வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் போனேன். அண்ணன் வண்டிக்குப் போயிருந்தான். மைனி கதவைத் திறந்தபோது அவள் உதடு வீங்கியிருந்தது. கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். கதவில் இடிபடும் உதட்டை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"அண்ணன் குடிக்க ஆரம்பிச்சாச்சா?" என்றுதான் கேட்டேன். வேறு என்ன கேட்கத் தோன்றும்?

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. "குடிச்சா நல்லாருக்கும்" என்றாள். "குடிச்சிட்டு அடிக்கிறாவன்னு எனக்க அம்மைகிட்டயாவது சொல்லலாம். அம்மைகிட்ட சொன்னேன். குடிக்காத மாப்பிள்ளய குத்தம் சொன்னா நாக்கு அழுகிப்போவும்ன்னா. பக்கத்து வீட்டு சேச்சிக்கும் அவியள ரொம்பப் பிடிக்கும். பாவம், சொந்த வேலையுண்டு வீடுண்டுன்னு இருக்க ஆளு, கேட்டியளா."

"எதுக்கு அடிக்கிறான்?"

"சோறு ஆறிப்போச்சுன்னு. போன்ல யாருன்னு. ஒண்ணும் இல்லாட்டியும்." உதட்டை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். "முதல்ல சட்டையக் கழட்டி மடிச்சி வைப்பாவ. அப்பமே எனக்குத் தெரிஞ்சிரும்."

அண்ணனுக்கு அப்போது அலமாரி நிறையச் சட்டை இருந்தது. கிழிந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

அண்ணன் வந்தான். நான் நேராகவே கேட்டேன். அவன் மறுக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. அவனுக்கு உண்மையாகவே ஆச்சரியம்தான். "நான் குடிக்கிறனா? சொல்லு. இந்த ஏரியால எவன்கிட்ட வேணும்னாலும் போய்க் கேட்டுப் பாரு, ஒரு பீர் தொட்டிருக்கனான்னு. அப்பா மாதிரியா இருக்கேன்? இதுக்கு மேல உங்களுக்கெல்லாம் என்னதான் வேணும்?"

அவன் பொய் சொல்லவில்லை. மைனியின் துணிகளைப் பையில் எடுத்துவைத்து, மதிய பஸ்ஸில் மலைக்குக் கூட்டிப்போனேன். அம்மா பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இதை அம்மாவைவிட யார் புரிந்துகொள்ளப் போகிறார்கள்?

அம்மா வாசலில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். மைனியின் முகத்தைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவள் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். "பாவி, குடிச்சிட்டு வந்தானா?" என்று கேட்டாள். மைனி இல்லை என்று தலையாட்டினாள்.

அம்மா தாடையிலிருந்து கையை எடுத்தாள். மைனியை மேலும் கீழும் பார்த்தாள்.

"குடிக்கல்லியா? அப்ப நீ என்ன செஞ்ச?"

என் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கத்த வாயெடுத்தேன். மைனி என்னைப் பார்க்கவும் இல்லை, அம்மாவுக்குப் பதில் சொல்லவும் இல்லை. உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். அம்மாவும் கீழே போட்ட துணிகளை வாரிக்கொண்டு பின்னாலேயே போய், "கேக்கேன்ல? சும்மா அடிப்பானா எம் மவன்?" என்று எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லத் தெரியல அத்தே. இப்படித்தான் செய்வாவ" என்றாள் மைனி. அம்மா கொண்டுவந்து போட்டிருந்த துணிகளில் சேலைகளைத் தள்ளிவிட்டு, அம்மா மழைக்கு மேலே போட்டுக்கொள்ளும் அப்பாவின் பழைய சட்டையை எடுத்தாள். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. தரையில் விரித்தாள். ஒரு கையை உள்ளே மடக்கினாள், மறு கையை மடக்கினாள். காலரை விரலால் நிமிர்த்தி வைத்தாள். நிதானமாக, சுருக்கமில்லாமல் மடித்துத் தகரப் பெட்டியின் மேல் வைத்தாள்.

அம்மா உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரோரம் போனாள். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.